நூற்று நாற்பத்தெட்டாம் பக்கம்

1

வின்னிபெக்கில் ஜனவரி மாதம் சாயங்காலம் ஐந்து மணிக்குள் இருட்டிவிடும். இந்த ஊருக்கு வந்து இருபத்தேழு வருஷம் ஆகிவிட்டது. இன்னமும் அந்த நேரம் வந்தால் எனக்கு அப்பாண்டைராஜ் ஞாபகம் வரும். செஞ்சிக்குப் பக்கத்தில் மேல்சித்தாமூர்க்காரன், சமணக் குடும்பம். பொழுது சாய்ந்துவிட்டால் ஒரு பருக்கை வாயில் வைக்கமாட்டான். அவன் மட்டும் இங்கே குடியேறியிருந்தால் நாலு மணிக்கே ராச்சாப்பாட்டை முடித்துவிட்டுத் தேமேயென்று உட்கார்ந்திருக்க வேண்டும் என்று நினைத்துச் சிரித்துக்கொள்வேன்.

சிரித்துக்கொள்வேனே தவிர, நாற்பது வருஷமாக அவனோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. தப்பு அவன் பேரில்தான் என்று போன சனிக்கிழமை வரைக்கும் சத்தியமாக நம்பிக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை நடந்தது இதுதான். என் மகள் நிலாவுக்குப் பதினாறு வயது. வாராவாரம் அவளுடைய சிநேகிதிகள் மூன்று பேர் வந்து எங்கள் சாப்பாட்டு மேஜையைப் பிடித்துக்கொள்வார்கள். ஒருத்தி கதை சொல்லி நடத்துவாள். மற்றவர்கள் ஆளுக்கொரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ அந்தக் கதைக்குள் நடப்பார்கள். பூதம் வரும், பூட்டிய கதவு வரும். என்ன செய்யப்போகிறாய் என்று கேட்பாள். சொன்னது பலிக்குமா என்பதைப் பகடை முடிவு செய்யும். நடத்துவது நிலா. அன்றைக்குப் பனி கொட்டி ஒரு பெண் வரவில்லை.

"அப்பா, நீங்க ஒரு ஆளா வரீங்களா? ரொம்ப ஈசி. நான் சொல்லித் தரேன்" என்றாள்.

எனக்குச் சொல்லித் தருகிறாளாம். பேசாமல் போய் உட்கார்ந்தேன்.

ஒரு மணி நேரத்தில் என் ஆள் பாலத்தின் மேல் ஒரு ராட்சசனிடம் மாட்டிக்கொண்டான். நிலா அட்டைத் தடுப்புக்குப் பின்னால் பகடையை உருட்டினாள். "நீங்க தப்பிச்சிட்டீங்க அப்பா!" என்று கத்தினாள். அவளுக்குப் பின்னால் கண்ணாடி ஜன்னல். வெளியே கும்மிருட்டு. அந்தக் கண்ணாடியில் பகடை தெளிவாகத் தெரிந்தது. ஒன்று விழுந்திருந்தது. செத்திருக்க வேண்டியவன் நான்.

நான் ஆட்டத்தைத் தொடர்ந்தேன். ஆனால் என் வலது கட்டைவிரல் தானாக மடங்கியது.

2

எண்பதுகளின் நடுவில், செஞ்சியில் நாங்கள் மூன்று பேர் இதே ஆட்டத்தை எட்டு மாசம் ஆடினோம். சொன்னால் இங்கே யாரும் நம்பமாட்டார்கள், அங்கே யாருக்கும் புரியாது.

ஜாபருடைய அண்ணன் கப்பலில் சமையல்காரர். யாரோ வெள்ளைக்காரன் விட்டுப்போன விதிப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து போட்டிருந்தார். அட்டை இல்லை, பாதிப் பக்கம் இல்லை. டிகிரியை முடித்துவிட்டு வேலை இல்லாமல் இருந்த நான் அகராதியை வைத்துக்கொண்டு அதைப் படித்தேன். இருபது பக்கம் உள்ள பகடை வேண்டும் என்று போட்டிருந்தது. இருபது பக்கப் பகடையை எவன் கண்டான்? அச்சுப் பிழை என்று முடிவு கட்டினோம்.

பகடைக்குப் பதிலாகப் பள்ளிக்கூடத்துப் புத்தக கிரிக்கெட்டையே எடுத்துக்கொண்டோம். என்னிடம் ஒரு தடித்த பொதுஅறிவு கைடு இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு அதைத் திறக்க வேண்டும். இடது பக்கத்து எண்ணின் கடைசி இலக்கம்தான் தீர்ப்பு. எட்டு வந்தால் பெரிய ஜெயம், ஆறு வந்தால் ஜெயம். நாலுக்கு ஒன்றுமில்லை. ரெண்டு வந்தால் அடி. பூஜ்யம் வந்தால் ஆள் காலி.

இடம், ஜாபர் வீட்டு மெத்தைக் கடையின் மேல்பரண். பஞ்சு மூட்டைமேல் உட்கார்ந்து ஆடினோம். கதை நடத்துகிறவனுக்கு விதிப் புத்தகத்தில் ஏதோ பெரிய பேர் இருந்தது. நாங்கள் வைத்த பேர் கண்டக்டர். நான்தான் கண்டக்டர்.

ஜாபர் எதைக் கண்டாலும் வெட்டுவான். கதவைத் திறக்கச் சொன்னால் கதவையே வெட்டுவான். அப்பாண்டை அவனுக்கு நேர் எதிர். எங்கள் பக்கத்தில் சமணர்களை அப்படிச் சொல்வதால் எங்களுக்கு அவன் 'நயினார்'. மாமா மண்டியில் எடை எழுதிவிட்டு மூணு மணிக்கு சைக்கிளில் வருவான், தூக்குச் சட்டியோடு. அவன் ஆள் ஒரு வைத்தியன். எட்டு மாசத்தில் ஒரு எலியைக்கூடக் கொன்றதில்லை.

"டேய், எதிர்ல பூதம் நிக்குதுடா. இன்னா பண்ற?"

"சாப்டியான்னு கேக்கறேன்."

"பூதம்டா அது!"

"பூதம்னா பசிக்காதா?"

ஜாபர் தலையில் அடித்துக்கொள்வான். "நைனாரு, இது சும்மா வாய்ப்பேச்சு. நெஜமாவா சாவுது?"

"வாய்க்கு முன்னாடி மனசு வெட்டிடுச்சேடா" என்பான் அப்பாண்டை. அதற்கு மேல் பேச மாட்டான். அவனுக்காகவே நான் பூதங்களோடு பேரம் பேசுவதற்கு விதி எழுத வேண்டியிருந்தது. கிழிந்துபோன பாதிப் பக்கத்தில் அந்த விதி இருந்ததோ என்னவோ. எங்கள் ஆட்டத்தில் இருந்தது.

அஞ்சரைக்குத் தூக்குச் சட்டியைத் திறப்பான். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுச் சொல்வான்: "பொழுது சாயுது. மிச்சம் நாளைக்கு." வாள் பாதி உருவியிருந்தாலும் சரி, ஜாபர் மலை உச்சியிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தாலும் சரி, அதோடு ஆட்டம் நிற்கும். ஜாபர் ஒரு ராத்திரி முழுக்க அப்படித் தொங்கியிருக்கிறான்.

3

இப்போது என் புத்திசாலித்தனத்தைக் கேளுங்கள்.

வெள்ளைக்காரன் புத்தகத்தில் இருந்த கோட்டையெல்லாம் எங்களுக்கு ஒட்டவில்லை. கையெட்டும் தூரத்தில் ராஜகிரிக் கோட்டை இருக்கும்போது எதற்கு அது? நீள நோட்டு ஒன்று வாங்கி, கோட்டையை அப்படியே வரைந்தேன். கல்யாண மஹால், யானைக் குளம், தானியக் களஞ்சியம், மேலே ஏறுகிற வழியில் பள்ளத்துக்கு மேல் இருக்கிற பாலம். களஞ்சியத்துக்குக் கீழே சிவப்பு மசியில் ஒரு சதுரம் போட்டு 'கஜானா' என்று எழுதினேன். பாலத்தைக் காக்கிற ராட்சசனுக்குப் பேர் வேண்டியிருந்தது. கோட்டை வாட்ச்மேன் கோவிந்தன் விசிலை ஊதிக்கொண்டு எங்களை விரட்டாத நாள் கிடையாது. அந்தக் கடுப்பில் அவர் பேரையே வைத்தேன்.

நோட்டில் என் கையெழுத்தில் இப்படி இருந்தது: 'பாலத்தில் வாட்ச்மேன் கோவிந்தன் வெட்டிச் சாய்க்கப்பட்டான். சாவி கிடைத்தது. நாளை களஞ்சியம். ஆட்கள்: கண்டக்டர், ஜாபர், நயினார்.'

அந்த நோட்டை ஜாபர் களஞ்சியத்தின் வாசல் எத்தனை அடி என்று பார்த்துவர எடுத்துப்போனான். போனவன் யானைக் குளத்துப் படியில் வைத்துவிட்டு வந்துவிட்டான்.

மூன்றாம் நாள் காலை, களஞ்சியத்துக்கு உள்ளே ஆள் உயரத்துக்குக் குழி தோண்டியிருந்தது. எவனோ புதையல் தேடியிருக்கிறான். பக்கத்தில் வாட்ச்மேன் கோவிந்தன் மண்டை உடைந்து, நினைவில்லாமல் கிடந்தார்.

நோட்டு போலீஸ் கைக்குப் போனது.

எனக்கு அப்போது மஸ்கட்டில் ஒரு வேலை தயாராக இருந்தது. பாஸ்போர்ட் விசாரணை பேப்பர் அதே ஸ்டேஷனில் கையெழுத்துக்குக் கிடந்தது. என் நைனா, அப்பாவைத்தான் சொல்கிறேன், வல்லத்து நிலத்தில் மல்லாட்டைப் பயிர் போட்டு ரெண்டு வருஷமாக மழை இல்லை. வீட்டில் எல்லாரும் அந்த ஒரு கையெழுத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

4

மத்தியானம் மூணரைக்கு மூன்று பேரையும் ஜீப்பில் ஏற்றினார்கள். அப்பாண்டை கையில் தூக்குச் சட்டி. நான் ஏதோ நினைப்பில் பொதுஅறிவு கைடையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

எஸ்.ஐ. நிதானமான மனுஷன். சத்தமே போடவில்லை. நோட்டை மேஜைமேல் வைத்தார். அதற்குப் பக்கத்தில் என் பாஸ்போர்ட் பேப்பரையும் எடுத்து வைத்தார்.

"யாருடா கண்டக்டர்?"

"நான்தான் சார்."

"எந்த ரூட்டு?"

யாரும் சிரிக்கவில்லை. விளையாட்டு சார் என்றேன். கதை சார் என்றேன். பூதம், வைத்தியன், பேரம் என்று உளறிக்கொட்டினேன். சொல்லச் சொல்ல எனக்கே அது பொய் மாதிரி கேட்டது. ஜாபர் அழ ஆரம்பித்துவிட்டான். ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு கான்ஸ்டபிள் வந்து, கோவிந்தனுக்கு இன்னும் நினைவு திரும்பவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

எஸ்.ஐ. ரொம்ப நேரம் நோட்டைப் புரட்டினார். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"விளையாட்டுன்னு சொல்றீங்க. சரி. ஆடுங்க. நானும் ஒரு ஆளா வரேன். நெஜமா விளையாட்டா இருந்தா, புதுசா வர்ற எனக்கும் ஆட வரும். கட்டுக்கதையா இருந்தா அஞ்சு நிமிஷத்துல நீங்களே மாட்டிக்குவீங்க."

ஆடினோம். எஸ்.ஐ.க்கு ஒரு படைத்தலைவன் வேஷம் கொடுத்தேன், வேறென்ன கொடுப்பேன்? மலை அடிவாரத்தில் ஆரம்பித்தேன். முதலில் என்னை மடக்குவதற்காகவே கேள்வி கேட்டார். வாசலில் எத்தனை பேர்? சாவி யார்கிட்ட? கதவு உள்பக்கம் திறக்குமா, வெளிப்பக்கமா? நான் சளைக்காமல் பதில் சொன்னேன். எட்டு மாசப் பழக்கம் அது. கொஞ்சம் கொஞ்சமாக அவர் கேள்வி மாறியது. "அந்தச் செவுத்துமேல ஏறினா இன்னா தெரியும்?" என்று கேட்டபோது அவருக்கு நிஜமாகவே பார்க்க வேண்டியிருந்தது. தொப்பியைக் கழற்றி வைத்தார். டீ வந்து ஆறிப்போனது.

அஞ்சரை ஆனது. அப்பாண்டை தூக்குச் சட்டியைப் பார்த்தான். கேட்க அவனுக்குத் துணிச்சல் இல்லை. ஜன்னலில் வெயில் மஞ்சளாகி, சிவந்து, போய்விட்டது. அவன் சட்டியைத் திறக்கவே இல்லை.

எஸ்.ஐ. பாலத்துக்கு வந்தார்.

"நடுப் பலகை ஆடுது சார்" என்றேன். "திரும்பிடலாம். இல்ல, தாண்டலாம். தாண்டினா புத்தகம் தொறக்கணும். பூஜ்யம் வந்தா…"

"வந்தா?"

"ஆள் காலி சார்."

"தாண்டறேன்" என்றார்.

அந்த கைடில் நூற்று நாற்பத்தெட்டாம் பக்கம் 'நதிகளும் அணைகளும்'. பரீட்சைக்காக அதையே திரும்பத் திரும்பப் படித்து அங்கே கட்டு விட்டுப்போயிருந்தது. கட்டைவிரலை லேசாக அழுத்தினால் புத்தகம் அங்கேதான் திறக்கும். எட்டு மாசத்தில் ஒரு தடவைகூட நான் அதைச் செய்ததில்லை. சத்தியம். எங்கள் மூன்று பேருக்குமே அந்தப் பக்கம் தெரியும். தானாக அங்கே திறந்தால் செல்லாது, மறுபடி திறக்க வேண்டும் என்பது எங்களுக்குள் இருந்த விதி.

பக்கத்தில் என் பாஸ்போர்ட் பேப்பர் கிடக்கிறது. கண்ணை மூடினேன். அழுத்தினேன்.

"எட்டு!" என்றேன். "பெரிய ஜெயம் சார். தாண்டிட்டீங்க!"

எஸ்.ஐ. முகம் மலர்ந்தது. ஜாபர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தான். அப்போதுதான் அப்பாண்டை பேசினான்.

"சார், அது செல்லாது."

எனக்குக் காது அடைத்துவிட்டது.

"நூத்தி நாப்பத்தெட்டு. அந்தப் பக்கம் தானா தொறக்கும் சார். மறுபடி தொறக்கணும்."

எஸ்.ஐ. என்னைப் பார்த்தார். அப்புறம் அவனைப் பார்த்தார். கைடை என் கையிலிருந்து வாங்கி அவனிடம் நீட்டினார். "நீயே தொற."

அவன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு திறந்தான். குனிந்து பார்த்தவன் நிமிரவே இல்லை.

"என்ன வந்துது?"

"இருநூத்தி முப்பது சார்."

"அப்படின்னா?"

"விழுந்துட்டீங்க சார்" என்றான் அப்பாண்டை. அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. "செத்துட்டீங்க."

எஸ்.ஐ. தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். நோட்டை மூடினார். என் பாஸ்போர்ட் பேப்பரை எடுத்து டிராயருக்குள் போட்டு மூடினார்.

"மூணு பேரும் வீட்டுக்குப் போங்க. ஊரை விட்டு எங்கியும் போவக் கூடாது" என்றார்.

5

டிராயர் மூடிய சத்தம்தான் எனக்குக் கேட்டது, வேறெதுவும் கேட்கவில்லை. வெளியே வந்ததும் அப்பாண்டையின் சட்டையைப் பிடித்தேன்.

"எட்டு மாசமா ஒரு எலியக் கொல்லல. உனக்குக் கொல்றதுக்கு என் பொழப்புதான் கெடச்சுதா? உன் புண்ணியம்தான் உனக்குப் பெருசு, இல்ல?"

சட்டையை விட்டதும் அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டான். சாப்பிடாத தூக்குச் சட்டி ஹாண்டில்பாரில் ஆடிக்கொண்டே போனது.

ஒன்பதாம் நாள் கோவிந்தனுக்கு நினைவு வந்தது. அடித்தவர்கள் யாரோ வெளியூர் ஆட்கள், வேனில் வந்தார்கள் என்று சொன்னார். அதற்கு அடுத்த வாரம் என் பேப்பரில் கையெழுத்தாகிவிட்டது. அந்தப் பதினைந்து நாளும் நைனா என்னிடம் பேசவில்லை. நான் அப்பாண்டையிடம் பேசவில்லை.

கிளம்பிய அன்று பஸ் ஸ்டாண்டுக்கு அவன் வந்திருந்தான். என் ஜன்னலுக்குக் கீழே நின்றுகொண்டு "சேகரு, சேகரு" என்று ரெண்டு தடவை கூப்பிட்டான். நான் முன் சீட்டின் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ் கிளம்பிவிட்டது.

மஸ்கட், அப்புறம் கனடா. எத்தனையோ பாரம் பூர்த்தி செய்திருக்கிறேன். 'காவல்துறையால் விசாரிக்கப்பட்டதுண்டா?' என்று கேட்டிருக்கிற இடம் வரும்போதெல்லாம் 'இல்லை' என்றுதான் எழுதினேன். ஒவ்வொரு தடவையும் பேனாவை அழுத்தியது அதே கட்டைவிரல்.

6

சனிக்கிழமை சிநேகிதிகள் போன பிறகு நிலாவைக் கேட்டேன். "ஒண்ணு விழுந்துதே, பாத்தேன். ஏம்மா மாத்திச் சொன்ன?"

முகம் சிவந்துபோனாள். "நீங்க இப்போதான் முதல் தடவை என்கூட விளையாடறீங்க. செத்துப்போனா எழுந்து போயிடுவீங்கன்னு…" அதற்கு மேல் தமிழ் வரவில்லை. "நீங்க அப்படிப் பண்ணதே இல்லையா?" என்று கேட்டாள்.

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், அந்த பஸ் ஜன்னல் வரைக்கும். அவள் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டாள். "அவர் உங்களை ஹெல்ப் பண்ணாரா, கெடுத்தாரா?"

ஜாபர் மகனைப் பிடித்து அப்பாண்டையின் நம்பரை வாங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அஞ்சு மணிக்கு போன் அடித்தேன். செஞ்சியில் அப்போது சாயங்காலம் நாலரை. அவன் சாப்பாட்டுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது என்று கணக்குப் போட்டுத்தான் அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. வைத்துவிடலாம் என்று நினைத்தபோது எடுத்தான்.

"யாரு?"

"கண்டக்டர்" என்றேன்.

வைத்துவிடுவான் என்று பயந்துகொண்டே நின்றேன்.

"அந்த எஸ்.ஐ. நல்லா இருந்தாரு, தெரியுமா?" என்றான்.

"எந்த… யாரு?"

"எனக்கு மனசு ஆறலடா. என் வாயால செத்துட்டீங்கன்னு சொல்லிட்டேன். வருஷா வருஷம் பொங்கலுக்குப் போய்ப் பாத்துட்டு வருவேன். மாத்தல் ஆயி வேற ஊருக்குப் போனப்பவும் பஸ் ஏறிப் போவேன். ரிட்டயர் ஆயி, பேரப்பிள்ள எடுத்துட்டுத்தான் போய்ச் சேந்தாரு."

போனை அடுத்த காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"அவரு ஒண்ணு சொன்னாரு. நீ கட்டைவிரலால அழுத்தினத அவரும் பாத்துட்டாராம். மூணு பேர்ல ஒருத்தனாவது சொல்றானான்னு காத்துக்கிட்டு இருந்தாராம். சொல்லலன்னா, எட்டு மாசமும் இப்படிச் சேந்துதான் பொய் சொல்லியிருப்பானுங்கன்னு அன்னிக்கே கேஸ் எழுதியிருப்பேன்னாரு."

சமையலறை மேஜையைப் பிடித்துக்கொண்டேன்.

"எப்போடா சொன்னாரு?"

"நீ ஊருக்குக் கெளம்பறதுக்கு முந்தின நாளு."

"ஏண்டா என்கிட்ட சொல்லல? இத்தனை வருஷம்!"

"சொல்லத்தான் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன்" என்றான் அப்பாண்டை. "நீ திரும்பலியே."

குரலில் கோபமே இல்லை. எடை எழுதிக் காட்டுகிற மாதிரி சொன்னான். நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். வார்த்தை வார்த்தையாகக் கோத்து வைத்திருந்ததெல்லாம் கொழகொழவென்று வந்தது. அவன் ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்தான். பின்னால் யாரோ தட்டு வைக்கிற சத்தம் கேட்டது. நிலா தூக்கக் கலக்கத்தோடு மாடிப்படியில் வந்து நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி, சரி, அழாத" என்றான் அப்பாண்டை. "பொழுது சாயுது. மிச்சம் நாளைக்கு."